ரோடு ஷூவா, மவுண்டன் ஷூவா?

(மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு மாணவன், ஆழ்வார்குறிச்சி)



ஆண்டு மலர் என்றால் இளைஞர் சக்தி, பெண்ணுரிமை, விஞ்ஞான வளர்ச்சி என்று எழுதுவதுதான் வழக்கம். நான் காலில் போடும் ஷூவைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். இந்த வருஷம் நம் சைக்கிள் ஸ்டாண்டில் இன்டெர்னல் மார்க்கைவிட அதிகமாக அடிபட்ட பேச்சு இதுதான்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சிவசைலம், கடனா அணைப் பக்கம் சைக்கிளில் போய்வருகிற பத்துப் பன்னிரண்டு பேர் நம்மில் இருக்கிறோம். மூன்று பேரிடம் செகண்ட்ஹேண்ட் கியர் சைக்கிள். மீதிப் பேரிடம் இருப்பது பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த சைக்கிள். (பத்தாவது முடித்து நேராக டிப்ளமோ சேர்ந்தவர்களுக்கு அதுவும் கிடையாது. பிளஸ் டூ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டு வந்த என்னைப் போன்றவர்களுக்குத்தான் அந்த பாக்கியம்.) மாணவர் பேரவையின் விளையாட்டு நிதியில் கொஞ்சம் பணம் மிச்சம் இருக்கிறது, அதில் பெடலோடு மாட்டிக்கொள்ளும் சைக்கிள் ஷூ நாலு ஜோடி வாங்கிப் பொதுவில் வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. வந்த அன்றைக்கே இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. ரேஸ்காரர்கள் போடும் ரோடு ஷூதான் வேண்டும் என்று ஒரு கட்சி. மலைப்பாதையில் ஓட்டுகிறவர்கள் போடும் மவுண்டன் ஷூதான் என்று இன்னொரு கட்சி. டீக்கடை வரைக்கும் சண்டை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாட்டும் ஷூதான் வாங்குவது என்று முடிவானால் மவுண்டன் ஷூ. ஆனால் அந்தப் பணத்தில் முதலில் வாங்க வேண்டியது இரண்டும் இல்லை. அது என்ன என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

ரோடு ஷூவைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பாகம் கார்பன் அல்லது கெட்டி நைலான். வளையவே வளையாது. அதில் மூன்று ஸ்குரூ போட்டு ஒரு பெரிய பிளாஸ்டிக் துண்டை இறுக்கியிருப்பார்கள். கிளீட் என்று அதற்குப் பெயர். அது பெடலில் போய் 'டக்'கென்று உட்கார்ந்துகொள்ளும். கழற்ற வேண்டும் என்றால் குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும். இந்தக் கிளீட் ஷூவின் அடியிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும். ஆகவே இறங்கி நடந்தால் வாத்து நடைதான். சிமெண்டுத் தரையில் வழுக்கும். சரளைக்கல்லில் நடந்தால் தேய்ந்துபோகும்.

மவுண்டன் ஷூவில் கிளீட் சின்ன இரும்புத் துண்டு. இரண்டே ஸ்குரூ. ஷூவின் அடியில் ஒரு பள்ளம் விட்டு அதற்குள்ளே வைத்து இறுக்கியிருப்பார்கள். சுற்றிலும் டிராக்டர் டயர் மாதிரி ரப்பர் கட்டைகள். நடக்கும்போது தரையில் படுவது அந்த ரப்பர்தான். அதற்குரிய பெடலில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் மாட்டலாம். ரோடு பெடலில் பெரும்பாலும் ஒரே பக்கம். சேறு அப்பினாலும் மவுண்டன் பெடலில் வழிந்து போக இடம் உண்டு.

இவை வந்த கதையும் கொஞ்சம் சுவாரசியமானது. முன்பெல்லாம் ரேஸ்காரர்கள் பெடலில் ஒரு இரும்புக் கூண்டு வைத்து, வாரால் காலைக் கட்டிக்கொண்டு ஓட்டினார்கள். பனிச்சறுக்குக் கட்டையில் பூட்ஸைப் பிணைக்கும் கருவி செய்துகொண்டிருந்த பிரான்ஸ் நாட்டு லுக் கம்பெனி, அதே வேலையை சைக்கிளுக்கும் செய்து 1984-ல் புதுப் பெடலைக் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே, 1985-ல், பெர்னார் ஈனோ அந்தப் பெடலோடு டூர் தெ பிரான்ஸ் ஜெயித்தார். அதற்குப் பிறகு கூண்டைச் சீந்துவார் இல்லை. ஜப்பானின் ஷிமானோ கம்பெனி 1990-ல் இரண்டு ஸ்குரூ கிளீட்டைக் கொண்டுவந்தது. மலைப்பாதையில் ஓட்டுகிறவன் அடிக்கடி இறங்குவான், சைக்கிளைத் தோளில் தூக்குவான், பாறையில் ஏறுவான் என்பதற்காகவே கிளீட்டைப் பள்ளத்துக்குள் ஒளித்து வைத்தார்கள். இதில் ஒரு வேடிக்கை: இப்படி மாட்டிக்கொள்ளும் பெடல்கள் எல்லாவற்றுக்கும் இங்கிலீஷில் 'கிளிப்லெஸ்', அதாவது கிளிப் இல்லாதது என்று பெயர்! பழைய கூண்டுக்குப் பெயர் கிளிப், அது இல்லாததால் இப்படியாம். மாட்டுவதற்கென்றே செய்த சாமானுக்கு இந்தப் பெயரை வைத்தவர் யாரோ, அவர் நம் தியரி பேப்பருக்குக் கேள்வி எடுக்கப் பொருத்தமானவர்.

ஆக, நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். இறங்கின பிறகு நீ என்ன செய்யப் போகிறாய்? வெற்றிக் கோட்டில் இறங்கி காரில் ஏறுகிறவனுக்கு ரோடு ஷூ சரி. நாம் அப்படியா?

எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு எட்டு கிலோமீட்டர். அதில் ரயில்வே கேட் மூடினால் இறங்குவேன். வெள்ளாட்டு மந்தை வந்தால் இறங்குவேன். குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தில் இறங்கித் தள்ளுவேன். ஐப்பசி, கார்த்திகையில் தாம்போதியில் தண்ணீர் ஓடினால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடப்பேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரை முழுக்க அடித்த வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு எத்தனை நாள் ரோடு என்பதே ரோடாக இல்லை! இவ்வளவு போக, வாரத்தில் இரண்டு நாள் அம்மா சுற்றிய பீடியைக் கம்பெனிக் கடையில் போட்டுவிட்டு, இலையும் தூளும் வாங்கி வந்து வீட்டில் சொளவுப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். பீடிக் கடை வாசல்படி வழுவழுவென்று தேய்ந்த கல். அதில் மூன்று ஸ்குரூ பிளாஸ்டிக்கோடு ஏறிப் பார்க்கட்டும் ரோடு ஷூ கட்சி.

ரோடு ஷூ கட்சியின் பெரிய வாதம், "பவர் வீணாகாது" என்பது. மெக்கானிக்கல் படிக்கிறோம், கணக்குப் போட்டே பார்ப்போம். என் சைக்கிளில் முன் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் 18. சக்கரத்தின் சுற்றளவை நூல் வைத்து அளந்தேன், 2.1 மீட்டர். அப்படியானால் ஒரு மிதிச் சுற்றுக்கு ஏறக்குறைய 5.13 மீட்டர். எட்டு கிலோமீட்டருக்கு 1,560 சுற்று. போகவர ஒவ்வொரு காலும் நாளைக்கு 3,120 தடவை அமுக்குகிறது. ஹவாய் செருப்போடு இதைச் செய்தால் என்ன ஆகும்? செருப்பு பெடலுக்கு மேலே மடங்கும், பெடல் கட்டையின் விளிம்பு உள்ளங்காலில் ஒரே இடத்தில் பதியும், மழையில் செருப்புக்கும் காலுக்கும் நடுவே வழுக்கும். ஆகவே அடிப்பாகம் வளையாத ஷூ நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாரம் பாதத்தின் முன்பகுதி முழுக்கப் பரவுகிறது, பெருவிரல் எலும்புக்குப் பின்னால் இருக்கும் தடித்த பகுதி பெடல் அச்சுக்கு நேர் மேலே உட்காருகிறது. ஆனால் இந்தக் கெட்டித்தன்மை மவுண்டன் ஷூவிலும் உண்டு. கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரில் போகிற எனக்கு அந்தக் கொஞ்சம் கண்ணுக்கே தெரியாது.

"மாட்டிக்கொண்டால் காலை மேலே இழுத்தும் மிதிக்கலாம், இரண்டு மடங்கு சக்தி" என்று ஒரு சீனியர் அண்ணன் சொன்னார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மேலே இழுத்து ஓட்டச் சொல்லிச் சோதித்தபோது அதே வேகத்துக்கு உடம்பு அதிகமாகத்தான் சக்தி செலவழித்தது என்று 2007-ல் வந்த ஆராய்ச்சியே சொல்கிறது. கீழே அமுக்குவதற்கென்றே நம் தொடை இருக்கிறது. எதிர்க்கால் மேலே வந்துவிடும், தள்ளிவிட்டாலே போதும். மாட்டும் பெடலின் நிஜமான லாபம் வேறு: வேகமாக மிதிக்கும்போதும் குண்டும் குழியிலும் கால் பெடலை விட்டு நழுவாது. அது ரேஸ்காரனுக்குப் பெரிய விஷயம்தான், நான் மறுக்கவில்லை.

ஷூ எடை பற்றியும் ஒரு வார்த்தை. "கனமான ஷூவை நாளைக்கு மூவாயிரம் தடவை தூக்க வேண்டுமே" என்கிறார்கள். இரண்டு கிராங்கும் 180 டிகிரியில் எதிரும் புதிருமாக இருக்கிறதே, பார்க்கவில்லையா? ஒரு ஷூ ஏறும்போது இன்னொரு ஷூ இறங்குகிறது. தராசுத் தட்டு மாதிரி. ஒரே சீராகப் போகும்போது ஏறுகிற ஷூவை இறங்குகிற ஷூவே தூக்கிவிடுகிறது. புறப்படும்போதும் மேட்டிலும் மட்டும் அந்த எடையைச் சேர்த்து நகர்த்த வேண்டும். அது டிபன் பாக்ஸில் இரண்டு இட்லி கூட வைத்த மாதிரி.

நியாயத்தைச் சொல்ல வேண்டும். ஆலங்குளம் வழியாக நெல்லை - தென்காசி நாலுவழிச் சாலையில் விடியற்காலையில் நூறு கிலோமீட்டர் நிற்காமல் ஓட்டுகிறவன் ரோடு ஷூ வாங்கட்டும், அவனுக்கு அது தகும். ஆனால் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய பிரெவே என்ற நீண்ட தூர ஓட்டங்கள் நம் தமிழ்நாட்டிலும் நடக்கின்றன. அதில் ஓட்டுகிறவர்களில் பலர் ரோடு சைக்கிளில் மவுண்டன் ஷூ போட்டுத்தான் போகிறார்கள். வழியில் இறங்க வேண்டும், கடையில் சாப்பிட வேண்டும், கார்டில் முத்திரை வாங்க வேண்டும். அவர்களுக்கே நடை தேவைப்படுகிறது! நம் குழு சிவசைலம் போனால் கோயிலுக்குள் போகாமல் வருமா? அப்போதும் ஒரு கஷ்டம் இருக்கிறது. பல ஆயிரம் ரூபாய் ஷூவை வாசலில் விட்டுவிட்டு எவனுக்கு சாமி மேல் கவனம் நிற்கும்?

இன்னொரு உதாரணம் சொல்கிறேன். அண்ணா பிறந்தநாளை ஒட்டிப் பள்ளி மாணவர்களுக்கு மாவட்டந்தோறும் சைக்கிள் போட்டி வைக்கிறார்கள், தெரியும்தானே. இந்தியாவில் செய்த சாதா சைக்கிள்தான் கொண்டுவர வேண்டும் என்று விதி. பையன்களுக்கு 20 கிலோமீட்டர் வரைக்கும் உண்டு. நானும் பள்ளியில் படிக்கும்போது ஓட்டியிருக்கிறேன். வெறுங்காலில் மிதித்தவன் எல்லாம் எனக்கு முன்னால் போனான். ஷூ போட்டால்தான் சைக்கிள் ஓடும் என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஆனால் வெறுங்காலே போதும் என்றும் சொல்லமாட்டேன். ஏன் என்று கேளுங்கள்.

என் தாத்தா வாலிபத்தில் வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டியவர். சில தெரு வந்தால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த ஊர், எந்தத் தெரு என்று எழுதப் போவதில்லை. இந்த மலரைப் படிக்கும் பல பேருடைய தாத்தாவுக்கும் இந்தக் கதை உண்டு, அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். எங்கள் தாத்தாவும் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதுவும் நான் டிப்ளமோ சேர்ந்து ஷூ வாங்கி வந்த அன்றைக்கு. அப்பா அந்தத் தெருவில் செருப்போடு, சைக்கிளில் போனார். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். இந்த ஷூவா அந்த ஷூவா என்று பொறுக்கிப் பார்க்கிற நிலைமையே எங்கள் வீட்டுக்குப் புதுசு. அதனால்தான் இந்தச் சண்டையை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அம்மாவிடம் சைக்கிள் ஷூ விலையைச் சொன்னேன். கையில் இருந்த கத்தரி நின்றுவிட்டது. "ஏ அய்யா, இம்புட்டு ரூவாய்க்கு இதப் போட்டா சைக்கிளு தானா ஓடுமா?" என்று கேட்டாள். எத்தனை ஆயிரம் பீடி என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பாள். பஜாரில் சைக்கிள் கடை அண்ணாச்சி கேட்டது இதைவிட ஜோர்: "எலேய், காலக் கட்டிப் போட்டுட்டு எவம்லே சைக்கிள் ஓட்டுவான்? லாரி வந்தா எப்படிலே காலை ஊனுவ?" அண்ணாச்சி கேள்வியில் நியாயம் இருக்கிறது. புதுசாக மாட்டும் ஷூ போட்ட அநேகம் பேர் கேட்டிலோ சிக்னலிலோ நின்றபடியே சாய்ந்து விழுந்திருக்கிறார்கள். திருப்பிக் கழற்றும் பழக்கம் காலுக்கு வர நாளாகும்.

புதுக்கோட்டை விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1991-ல் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் இருந்தபோது அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். போகப்போக அதுதான் வேண்டும் என்றும் பல பேர் கேட்டார்கள். காரணம், அதில் நடுவே ஒரு பார் இருக்கிறது, அதில் பிள்ளையை உட்கார வைக்கலாம்! பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதை எழுதியிருக்கிறார். எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடித்தது. சைக்கிள் மேல் கம்பெனிக்காரன் ஒட்டிய பெயர் என்ன என்று அவர்கள் பார்க்கவில்லை. தங்கள் வீட்டுப் பிள்ளை எங்கே உட்காரும் என்று பார்த்தார்கள். நாமும் ரோடு, மவுண்டன் என்ற பெயரை விட்டுவிட்டு, இறங்கிய பிறகு நம் கால் எங்கே போகிறது என்று பார்ப்போம்.

எங்கே போகிறது? வொர்க்‌ஷாப்புக்கு.

ஷூ இல்லாமல் வொர்க்‌ஷாப்புக்குள் விடமாட்டார்கள். சரியான விதி, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. லேத்திலிருந்து சூடாக விழுகிற இரும்புச் சுருளுக்கு யார் மகன் என்று தெரியாது. ஆனால் நடப்பது என்ன? ஏ பேட்ச் காலையில், பி பேட்ச் மத்தியானம். ஏ பேட்ச் பையன் வெளியே வந்ததும் மரத்தடியில் ஷூவைக் கழற்றுகிறான், பி பேட்ச் பையன் அதே ஈரத்தோடு போட்டுக்கொள்கிறான். எட்டாம் நம்பர் ஷூவுக்குள் ஆறாம் நம்பர் கால், நுனியில் கர்ச்சீப் அடைத்திருக்கும். நான் எண்ணிய வரையில் எங்கள் வகுப்பில் மட்டும் ஏழு பேர் இப்படி. அந்த ஷூவும் பழைய கான்வாஸ் ஷூ. இந்த ஏழு பேரும் சைக்கிளிலோ பஸ்ஸிலோ ஹவாய் செருப்போடுதான் வருகிறார்கள்.

ஆகவே என் யோசனை இது. விளையாட்டு நிதிப் பணத்தில் சேஃப்டி ஷூ வாங்குவோம். பேரவை அதற்கு ஒரு தீர்மானம் போடட்டும். நாலு ஜோடி மாட்டும் ஷூவும் அதற்கான பெடலும் வாங்குகிற காசில் பத்து ஜோடிக்குக் குறையாமல் வரும். ஐ.எஸ். 15298 முத்திரை பார்த்து வாங்க வேண்டும். அதன் இரண்டாம் பகுதியில் வருகிற ஷூவின் விரல் மூடி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும் என்பது விதி. 20 கிலோ இரும்பு ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற அடி அது. நாளைக்கு அப்ரெண்டிஸ் என்று ஏதாவது ஃபாக்டரி வாசலில் நின்றால் இதே ஷூவைத்தான் கேட்பார்கள். (1960-ல் டாஃபே டிராக்டர் கம்பெனியைத் தொடங்கிய அனந்தராமகிருஷ்ணன் எங்கள் ஆழ்வார்குறிச்சிக்காரர் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை!)

"சேஃப்டி ஷூ போட்டு சைக்கிளா?" என்று இரண்டு கட்சியும் சேர்ந்து சிரித்தது. நான் இரண்டு மாதமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அடி கெட்டியாக இருக்கிறது, எண்ணெய்த் தரையில் வழுக்காத ரப்பர் பெடலிலும் வழுக்கவில்லை. வியர்க்கும், அது உண்மை. மத்தியானம் கழற்றிக் காயவைக்க வேண்டியிருக்கிறது. செருப்பைவிட அடி தடிப்பு என்பதால் சீட்டை ஒரு சென்டிமீட்டர் போல உயர்த்திக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் முழங்கால் அதிகமாக மடங்கி வலிக்கும். இறங்கினால் நடக்கலாம், ஓடலாம், தாம்போதியில் நிற்கலாம், அப்படியே லேத்துக்கு முன்னால் போய் நிற்கலாம்.

பொதுவில் வைத்து நாலு பேர் மாற்றி மாற்றிப் போட மாட்டும் ஷூ ஒத்துவராது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கிளீட்டை ஒவ்வொருவர் பாதத்தின் கோணத்துக்கும் தக்கபடி நகர்த்தி இறுக்க வேண்டும். ஒருவன் கோணத்தில் இன்னொருவன் ஓட்டினால் முழங்காலுக்குத்தான் கேடு. ஷூவை மாற்றிப் போடும் கதை நமக்கு மரத்தடியிலேயே போதும்.

கியர் சைக்கிள் வைத்திருக்கும் மூன்று பேரும் சொந்தக் காசில் மவுண்டன் ஷூ வாங்கட்டும். ஒரு பக்கம் மாட்டவும் மறுபக்கம் சாதாவாக மிதிக்கவும் ஆகிற பெடலும் கடையில் கிடைக்கிறது. கல்லூரி நாளில் சேஃப்டி ஷூவோடு ஒரு பக்கம், ஞாயிற்றுக்கிழமை மறுபக்கம். மற்றவர்கள் வழவழப்பான பிளாஸ்டிக் பெடலை எடுத்துவிட்டு, மேலே சின்னச் சின்ன முள் வைத்த அலுமினியப் பெடல் போட்டுக்கொண்டால் ஷூ அடி கவ்விக்கொள்ளும். பெடல் மாற்ற 15 எம்.எம். ஸ்பேனர் ஃபிட்டிங் ஷாப்பிலேயே இருக்கிறது. இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். கடிகார முள் சுற்றுகிற திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் மறுபக்கம் தொங்கிக்கொண்டிருக்காதீர்கள். சனிக்கிழமை மத்தியானம் சைக்கிள் ஸ்டாண்டில் இருப்பேன், வேண்டியவர்கள் வாருங்கள்.